சந்தியோடு நின்ற பஸ்

அன்றைக்குத் திங்கட்கிழமை. காலை ஆறரை இருக்கும். மாசிப் பனி வயலை விட்டு இன்னும் எழும்பவில்லை. எங்கள் ஊர்ப் பள்ளிக்கூட வாசலில் தர்சினி தனியே நின்றுகொண்டிருந்தாள்.

நீலப் பூப்போட்ட புதுச் சட்டை. தோளில் ஒரு பை. அதற்குள் சாப்பாட்டுப் பெட்டி இருந்திருக்க வேண்டும், தேங்காய்ச் சம்பல் வாசம் வந்தது. முழுகிய தலை காயாமல் முதுகுச் சட்டையை நனைத்திருந்தது.

நான் சைக்கிளில் சந்திக்குப் போய்க்கொண்டிருந்தேன். பிறேக்கைப் பிடித்து ஒரு காலை நிலத்தில் ஊன்றினேன்.

"ஏறு பிள்ளை, பின்னாலை இரு. சந்தியிலை கொண்டுபோய் விடுறன்."

"இல்லை அக்கா. பஸ் இஞ்சை வரும்."

"வரும்தான். வராட்டில் என்ன செய்யிறது? முதல் நாள் வேலை. எதுக்கும் சந்தியிலை வந்து நில்."

"நான் அங்கை வந்து நிண்டால் பஸ் இஞ்சை வராது" என்றாள்.

கோபமாகச் சொல்லவில்லை. மழை பெய்தால் நனையும் என்பது போலச் சாதாரணமாகச் சொன்னாள். எனக்குத்தான் சுருக்கென்றது. பெடலை மிதித்துக்கொண்டு போய்விட்டேன்.

இதில் வெட்கக்கேடு என்னவென்றால், அந்த பஸ்ஸை ஊருக்குள் விடச் சொல்லி டிப்போவுக்குப் போய்க் கதைத்துவிட்டு வந்தவளே நான்தான்.

போன கிழமை இந்தப் பக்கத்தில் நான் எழுதிய கோழிக்கூட்டுக் கதையை வாசித்துவிட்டு வவுனியாவில் இருக்கும் என் மச்சாள் போனில் கோல் எடுத்தாள். "நீ ஊரிலை எல்லாரையும் நக்கலடிக்கிறாய், உன்னை மட்டும் நல்ல பிள்ளையாய் வைச்சிருக்கிறாய்" என்றாள். மச்சாள் சொன்னால் சரியாகத்தான் இருக்கும். ஆகவே இந்தக் கிழமை நக்கல் முழுக்க எனக்கே.

பலகையில் இருந்த ஊர்

விளாத்திமடு என்பது புதுக்குடியிருப்புக்கு அப்பால், குளத்துக்கும் காட்டுக்கும் இடையில் கிடக்கிற ஊர். நெல்லும் கச்சான் கடலையும்தான் எங்கள் சீவியம். பெரிய றோட்டில் ஆலடிச் சந்தி இருக்கிறது. அங்கேயிருந்து ஊருக்குள் வர இரண்டு கட்டை, அதாவது மூன்று கிலோமீற்றருக்குக் கொஞ்சம் மேல்.

போர் முடிந்து மீளக்குடியமர வந்தபோது அந்த வழியில் இருந்த மதகு உடைந்து கிடந்தது. பஸ் சந்திவரை வந்து அங்கேயே திரும்பியது. அது நியாயம். உடைந்த மதகுக்கு மேலால் பஸ் பறந்தா வரும்?

பிறகு மதகைக் கட்டினார்கள். றோட்டுக்குக் கிரவல் போட்டார்கள், அதற்கும் பிறகு தார் போட்டார்கள். நெல் ஏற்ற லொறி வந்தது. மண் ஏற்றிய ரிப்பர் வந்தது. பின்னேரங்களில் ஐஸ்கிறீம் வான்கூடப் பாட்டுப் போட்டுக்கொண்டு வந்தது. பஸ் மட்டும் பழையபடி சந்தியோடு திரும்பிப் போனது.

அந்த பஸ்ஸின் நெற்றிப் பலகையில் 'விளாத்திமடு' என்று கொட்டை எழுத்தில் எழுதியிருந்தது. நாங்கள் ஒவ்வொரு நாளும் அதை வாசித்துக்கொண்டு சந்தியில் இறங்கினோம். சீமெந்துப் பையைத் தலையில் வைத்துக்கொண்டு, காய்ச்சல் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு, மிச்சத் தூரம் நடந்தோம்.

ஒருநாள் என் கடைசி மகன், அப்போது சின்னவன், பலகையைக் காட்டி, "அம்மா, எங்கட ஊர்ப் பேர் போட்டிருக்கு, பிறகேன் இறங்கச் சொல்லுறாங்கள்?" என்று கேட்டான். "அது அப்பிடித்தான்" என்று சொல்லி அவன் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு நடந்தேன். நான் முன்பள்ளி ஆசிரியை. பிள்ளைகள் கேள்வி கேட்க வேண்டும் என்று பெற்றோர் கூட்டத்தில் அரை மணித்தியாலம் பேசுகிறவள்.

எங்கள் வாயில் இருந்த மருந்து

எங்கள் ஊரில் ஒரு கதை தொடங்கினால் அது முடிகிற இடம் ஏறக்குறைய ஒன்றாகத்தான் இருக்கும். யானை வயலுக்குள் இறங்கியதைக் கதைத்தாலும், கிணறு வற்றியதைக் கதைத்தாலும், மகளுக்கு வந்த சம்பந்தம் குழம்பியதைக் கதைத்தாலும் கடைசியில் ஒருவர் பெருமூச்சு விட்டு, "என்ன செய்யிறது" என்பார். மற்றவர் "எங்கட தலையெழுத்து" என்பார். அதோடு தேத்தண்ணிக் கோப்பைகளைக் கழுவப் போய்விடுவோம்.

இதை நான் இளக்காரமாகச் சொல்லவில்லை. அந்தச் சொற்களுக்கு நான் நன்றி மறந்தவள் அல்ல. சட்டி பானையையும் பிள்ளைகளையும் தூக்கிக்கொண்டு இடம் இடமாக நடந்த காலத்தில், உண்மையாகவே செய்வதற்கு ஒன்றும் இருக்கவில்லை. முகாமில் தண்ணீருக்கு வரிசையில் நின்றபோது, முன்னே நின்ற முகம் தெரியாத மனுசி ஒருத்தி திரும்பி என்னைப் பார்த்து, "என்ன செய்யிறது தங்கச்சி" என்றா. அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டு நான் அன்றைய பொழுதைக் கழித்தேன். 

ஆனால் காய்ச்சல் போனபிறகும் பனடோல் மாத்திரையை விடாமல் விழுங்கிக்கொண்டிருந்தால் அதை என்னவென்று சொல்வது?

எங்கள் குசினிக் கதவு நல்ல உதாரணம். வீட்டுத்திட்டத்தில் கட்டித் தந்த வீடு. கதவின் அடிப்பக்கம் நிலத்தில் தேய்ந்து, தூக்கித் திறந்தால்தான் திறக்கும். நானும் தூக்கினேன், என் வீட்டுக்காரர் இவரும் தூக்கினார், பிள்ளைகளும் தூக்கப் பழகினார்கள். வீட்டுக்கு வருகிறவர்களுக்கும் சொல்லிக் கொடுத்தோம். "தூக்கித் திறவுங்கோ, திட்ட வீடெல்லாம் அப்பிடித்தான்." ஒருநாள் அலுமாரி திருத்த வந்த மேசன் தண்ணீர் குடிக்கக் குசினிக்குப் போனவர், கதவைப் பார்த்தார். பிணைச்சலைக் கழற்றி, அடியில் இரண்டு தரம் சீவி, திருப்பி மாட்டினார். தேத்தண்ணி ஆறுவதற்குள் வேலை முடிந்தது. என் வீட்டுக்காரர் ஒரு கிழமையாக அந்தக் கதவைச் சும்மா திறந்து திறந்து பூட்டிக்கொண்டிருந்தார்.

எழுதிய பிறகுதான் பார்க்கிறேன், அலுமாரி திருத்துகிறவர் மேசன் அல்ல, தச்சர். அந்த மனிசன் இரண்டு வேலையும் செய்வார். மேசன் என்றுதான் ஊரில் பெயர்.

நான் திறந்துவைத்த தரிப்பிடம்

இனி என் பங்கைச் சொல்கிறேன்.

மாதர் சங்கத் தலைவியாக நான் வந்த புதிதில், கனடாவில் இருக்கிற ஊர்ப் பிள்ளை ஒருவர் தன் தகப்பனாரின் நினைவாக ஊருக்கு ஏதாவது செய்ய விரும்பினார். என்ன வேண்டும் என்று கேட்டார். கோயிலடியில் கூட்டம் போட்டோம். சந்தியில் பஸ்ஸுக்கு நிற்கிற சனம் வெயிலில் காய்கிறது, மழையில் நனைகிறது என்று பேச்சு வந்தது.

நான்தான் எழும்பிச் சொன்னேன். "பஸ் உள்ளுக்கை வரப்போறேல்லை. என்ன செய்யிறது, சந்தியிலை ஒரு நிழலாவது இருக்கட்டும்."

எல்லோரும் கைதட்டினார்கள். சின்னத்தம்பி அண்ணை எழும்பி, "ரீச்சர் சொன்னால் சரி" என்றார். இந்தச் சின்னத்தம்பி அண்ணையை ஊரில் 'பாப்பம் அண்ணை' என்று சொல்வார்கள். வாய்க்கால் வெட்டுவது என்றாலும், பொங்கலுக்கு மாவிலை பிடுங்குவது என்றாலும் அவருடைய முதல் சொல் "பாப்பம்", பிறகு பார்க்கலாம் என்பது. அவரே உடனே ஒத்துக்கொண்டார் என்றால் யோசித்துப் பாருங்கள்.

சிரமதானம் செய்து அழகான தரிப்பிடம் கட்டினோம். இருக்கச் சீமெந்து வாங்கு, ஓட்டுக் கூரை, கறுப்புக் கல்லில் அந்த ஐயாவின் பெயர். தேங்காய் உடைத்து, மோதகம் கொடுத்து, நாடாவை நானே வெட்டினேன். என் சேலைத் தலைப்பில் கத்தரிக்கோல் கொழுவி ஒரு கிழிசல்கூட விழுந்தது. அதைப் பெருமையாக எல்லோருக்கும் காட்டிக்கொண்டு திரிந்தேன்.

எப்ப பாப்பியள்?

தர்சினி என் வீட்டுக்கு மூன்றாவது வளவு. தாயும் அவளும் மட்டும். வலது கால் முழங்காலுக்குக் கீழே இல்லை. சின்ன வயதில் போனது. எப்படிப் போனது என்று இங்கே ஒருவரும் ஒருவரைக் கேட்பதில்லை.

பொய்க்கால் போட்டு நன்றாக நடப்பாள், ஊருக்குள் பார்ப்பவர்களுக்கு வித்தியாசம் தெரியாது. தூரம் நடந்தால்தான் வில்லங்கம். வேர்வையில் தோல் உரிந்து, பொருத்துகிற இடத்தில் புண் வந்துவிடும். பிறகு நாலைந்து நாள் காலைக் கழற்றி வைத்துவிட்டு வீட்டோடு இருக்கவேண்டும். ஓட்டோவில் தினமும் சந்திக்குப் போய் வர அவளுக்குக் கட்டாது.

தமிழில் அவளைப்போல வேகமாக ரைப் பண்ணுகிற ஆளை நான் பார்த்ததில்லை. ஒரு பழைய மடிக்கணினியில் அவளாகவே பழகியது. புதுக்குடியிருப்பில் போட்டோக் கொப்பி, ரைப் வேலை செய்கிற ஒரு கொமினிகேசன் கடைக்கு ஆள் தேவை என்று கேள்விப்பட்டு விண்ணப்பித்திருந்தாள். கடைக்கார அம்மா கூப்பிட்டுப் பார்த்து, பிடித்துப்போய், "திங்கள் தொடக்கம் எட்டு மணிக்கு வரவேணும், பிந்தேலாது. வெள்ளிக்கிழமைக்குள்ளை ஓமோ இல்லையோ சொல்லும்" என்றாவாம். அவளுக்குப் பின்னால் இன்னொரு பிள்ளையும் காத்திருந்தது.

செவ்வாய்க்கிழமை பின்னேரம் தர்சினி என் வீட்டு விறாந்தைக்கு வந்தாள். கதிரையில் இருக்கச் சொன்னேன், இருக்கவில்லை.

"அக்கா, சங்கத்தின்ர கடிதத்தாள் ஒண்டு வேணும். பஸ்ஸை உள்ளுக்கை விடச் சொல்லிக் கடிதம் ரைப் பண்ணப்போறன். நீங்கள் கையெழுத்து வைச்சுத் தரவேணும்."

"கடிதம் எழுதி என்ன பிள்ளை வரப்போகுது. இவ்வளவு காலமும் வராத பஸ்."

"இவ்வளவு காலமும் ஆராவது கேட்டவையோ?"

நான் யோசித்தேன். கேட்டிருப்பார்கள் என்றுதான் நினைத்திருந்தேன். யார் கேட்டார்கள் என்று தேடினால் ஒருவர் முகமும் நினைவுக்கு வரவில்லை.

"சரி, பாப்பம்" என்றேன்.

"எப்ப பாப்பியள்?"

எங்கள் ஊரில் "பாப்பம்" என்ற பிறகு ஒருவரும் அப்படிக் கேட்பதில்லை. அது கதை முடிந்தது என்பதற்கான சொல். இவள் நின்ற நிலையில் நின்று என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்குக் கொஞ்சம் எரிச்சலாகக்கூட இருந்தது. எரிச்சலோடுதான் "நாளைக்கு" என்றேன்.

டிப்போ ஐயா சொன்னது

புதன்கிழமை முன்பள்ளியை உதவி ஆசிரியையிடம் விட்டுவிட்டு, கடிதத்தோடு டிப்போவுக்குப் போனேன். எந்த டிப்போ என்பதை விடுங்கள், அங்கே இருந்தவர் நல்ல மனிதர். கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு, வெறும் தேத்தண்ணி குடித்துக்கொண்டு கடிதத்தை இரண்டு தரம் வாசித்தார்.

பிறகு ஒரு பெரிய புத்தகத்தை எடுத்துப் புரட்டினார். விரலை ஓடவிட்டு ஓரிடத்தில் நிறுத்தினார்.

"அம்மா, இந்த பஸ் விளாத்திமடுப் பாடசாலை வரைக்கும் போறதுதானே?"

"இல்லை ஐயா, சந்தியோடை திரும்புது."

"இதிலை பாடசாலை வரைக்கும் எண்டுதான் கிடக்கு. மதகு உடைஞ்சிருக்கேக்கை தற்காலிகமாய்ச் சந்தி எண்டு ஒரு குறிப்பு இருக்கு. மதகு கட்டியாச்சோ?"

"எப்பவோ கட்டியாச்சு."

"அப்ப ஏன் ஒருத்தரும் வந்து சொல்லேல்லை?"

அவர் சாரதி ஒருவரைக் கூப்பிட்டு விசாரித்தார். சாரதி என்னை ஒருமுறை பார்த்தார்.

"நான் இந்த றூட்டுக்கு வந்து நாலு வருசம் ஐயா. எனக்கு முதல் ஓடினவர் சந்தியிலைதான் திருப்பினவர். அங்கை வடிவான தரிப்பிடம் ஒண்டும் கட்டி வைச்சிருக்கினம். ஊராக்களுக்கு அதுதான் வசதியெண்டு நினைச்சன்."

எனக்குக் காது சுட்டது. நாடா வெட்டியதும், மோதகம் கொடுத்ததும், சேலைக் கிழிசலும் கண்ணுக்கு முன்னால் வந்து நின்றன. அந்தத் தரிப்பிடத்தைக் கட்டியது ஆர் என்று டிப்போ ஐயா கேட்டுவிடக் கூடாதே என்று பிள்ளையாரை வேண்டினேன். அவர் கேட்கவில்லை. "திங்கள் தொடக்கம் காலமை பஸ் உள்ளுக்கை வரும், போங்கோ" என்று சொல்லித் தேத்தண்ணியைக் குடித்து முடித்தார்.

தர்சினி வெள்ளிக்கிழமை கடைக்கார அம்மாவுக்கு ஓம் சொல்லிவிட்டாள். ஞாயிற்றுக்கிழமை கோயிலில் நான் ஊருக்கு விஷயத்தைச் சொன்னேன். எல்லோரும் தலையாட்டினார்கள். சின்னத்தம்பி அண்ணை, "வந்தால் பாப்பம்" என்றார். மற்றவர்களும் அதையே சொன்னார்கள். வீட்டுக்கு வந்து படுக்கப் போகும்போது, கூட்டம் ஒன்றுக்காக நானும் காலையில் புதுக்குடியிருப்புக்குப் போகவேண்டும் என்ற நினைவு வந்தது. சைக்கிளுக்குக் காற்று இருக்கிறதா என்று இவரிடம் பார்க்கச் சொன்னேன். இவர் ஒரு மாதிரிப் பார்த்துவிட்டு, காற்றடிக்கிற பம்பை எடுத்துக்கொண்டு போனார்.

திங்கட்கிழமை

ஆகவே பள்ளிக்கூட வாசலில் தர்சினியை விட்டுவிட்டு நான் சந்திக்குப் போனேன். போனால் முழு ஊரும் அங்கேதான் நிற்கிறது. புதுக்குடியிருப்பில் படிக்கிற வெள்ளைச் சீருடைப் பிள்ளைகள், ஆஸ்பத்திரிக்குப் போகிற கிழவர்கள், மூட்டையோடு சந்தைக்குப் போகிற பெண்கள். எல்லோரும் இரண்டு கட்டை நடந்தோ சைக்கிள் மிதித்தோ வந்து, வழக்கமான இடத்தில் வழக்கம்போல நின்றார்கள். என்னைக் கண்டதும் ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை. அதுதான் எனக்கு இன்னும் வெட்கமாக இருந்தது.

பஸ் வந்தது. அதே சாரதி. சந்தியில் நிறுத்தி, தலையை வெளியே நீட்டிச் சனத்தைப் பார்த்தார்.

"உள்ளுக்கை போகச் சொல்லி டிப்போவாலை எனக்கு ஓடர். நீங்கள் எல்லாரும் இஞ்சை நிக்கிறியள். அப்ப உள்ளுக்கை ஆர் இருக்கினம்?"

"ஒருத்தரும் இல்லைத் தம்பி" என்றார் சின்னத்தம்பி அண்ணை. "நாங்கள் எல்லாரும் வந்திட்டம். நீர் திருப்பும்."

"ஓம், திருப்புங்கோ, நேரம் போகுது" என்று பின்னால் நாலைந்து குரல்கள். சாரதி ஸ்ரியறிங்கை ஒடிக்கத் தொடங்கினார்.

அந்த நேரம் சும்மா இருந்திருந்தால் எல்லாம் பழையபடி முடிந்திருக்கும். நானும் நேரத்துக்குக் கூட்டத்துக்குப் போயிருப்பேன். தர்சினி எட்டு மணிவரை பள்ளிக்கூட வாசலில் நின்றிருப்பாள். கடைக்கார அம்மா மற்றப் பிள்ளையைக் கூப்பிட்டிருப்பா. பின்னேரம் நான் தர்சினி வீட்டுக்குப் போய், தாய் தந்த தேத்தண்ணியைக் குடித்துக்கொண்டு, "என்ன செய்யிறது பிள்ளை" என்று ஆறுதல் சொல்லியிருப்பேன். அந்த ஆறுதலை நான் எவ்வளவு வடிவாகச் சொல்லியிருப்பேன் என்பதை நினைக்க எனக்கே என்மேல் வெறுப்பு வந்தது.

நான் பஸ்ஸுக்கு முன்னால் போய் நின்றேன்.

"எல்லாரும் வரேல்லைத் தம்பி. பள்ளிக்கூடத்தடியிலை ஒரு பிள்ளை நிக்கிறா."

"ஒரு ஆளுக்காகவோ அம்மா?"

"ஓம், ஒரு ஆளுக்காகத்தான். அந்த ஒரு ஆள்தான் பஸ் வருமெண்டு நம்பி நிக்குது."

சனம் முணுமுணுத்தது. சின்னத்தம்பி அண்ணை வாயைத் திறந்தார். அவர் சொல்லப்போகிற சொல் எனக்குத் தெரியும். "அண்ணை, பேசாமல் ஏறுங்கோ" என்றேன். அவருக்கு அப்படி ஒருவர் சொல்லிப் பழக்கமில்லை. ஏறிவிட்டார்.

அவர் ஏற, மற்றவர்களும் ஏறினார்கள். உள்ளே போகிற பஸ் திரும்பி வருமோ, வந்தாலும் இடம் இருக்குமோ என்ற பயம்தான். நானும் சைக்கிளைத் தரிப்பிடத்தில் சாத்திப் பூட்டிவிட்டு ஏறி முன் இருக்கையில் இருந்தேன். சாரதி ஸ்ரியறிங்கை நேராக்கினார். கொஞ்சம் முன்பு நடந்து வந்த றோட்டால், முழு ஊரும் பஸ்ஸில் ஊருக்கே திரும்பிப் போனது.

மதகைத் தாண்டினோம். ஊர் தொடங்கியதும் நாய்கள் குரைத்துக்கொண்டு பின்னால் ஓடி வந்தன. பல் தீட்டிக்கொண்டு நின்றவர்கள் வேலிக்கு வந்து வாயில் நுரையோடு பார்த்தார்கள். எங்கள் வீட்டுப் படலையடியில் இவர் நின்றார். சைக்கிளில் போன மனுசி பஸ்ஸில் வருவதைப் பார்த்துவிட்டு, என்னவோ ஏதோ என்று பதறிக் கையைக் காட்டினார். நான் மறுபக்கம் பார்த்துக்கொண்டேன். பின்னால் பள்ளிக்கூடப் பிள்ளைகள் தங்கள் தங்கள் வீடுகளைக் காட்டிச் சிரிக்கத் தொடங்கினார்கள். பிறகு பெரியவர்களுக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

பள்ளிக்கூட வாசலில் தர்சினி அதே இடத்தில் நின்றாள். பஸ் அவளுக்கு முன்னால் வந்து நின்றது. கம்பியைப் பிடித்து, இடது காலை முதலில் வைத்து, மற்றதைத் தூக்கி நிதானமாக ஏறினாள். ஏறி நிமிர்ந்து பார்த்தாள். முன் இருக்கையில் நான், பக்கத்தில் சின்னத்தம்பி அண்ணை, பின்னால் முழு ஊரும்.

அவள் எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தாள். அவளுக்கு உண்மையாகவே விளங்கவில்லை.

"விடியக்காலமை எல்லாரும் எங்கை போயிட்டு வாறியள்?" என்று கேட்டாள்.

நான் எழும்பி என் இருக்கையை அவளுக்குக் கொடுத்தேன்.